கருக்காக்குறிச்சியில் கண்ட சீசர்கள்

நம் பங்கின் பொன்விழாவை முன்னிட்டு ஒரு சுற்றுலா போகவேண்டும் என்ற பேச்சு பங்குப் பேரவையில் எழுந்த நாளன்று, "எங்கே போவது?" என்ற கேள்விக்கு நாலு மூலையிலிருந்தும் நாலு விடைகள் வந்தன. வெளிநாட்டில் பிள்ளைகள் வேலை பார்க்கும் குடும்பத்தார் சிலர் உரோமாபுரிக்கே போய்விடலாம் என்றனர். வின்சென்ட் தே பால் சபைப் பெரியவர்கள் கொடுங்கல்லூர் என்றார்கள். இளைஞர்கள் புதுச்சேரி அரிக்கமேடு என்றார்கள்; அங்கே கடலும் இருக்கிறது என்பதை அவர்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. கோவில் பிள்ளையின் தாயார் மட்டும், "காலையில போயி ராத்திரிக்குள்ள வீடு திரும்புற மாதிரி ஒரு எடம் சொல்லுங்க சாமி, மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆளில்லை" என்றார்.

இந்நான்கு யோசனைகளையும் எடைபோட்டு அடுத்த கூட்டத்தில் சொல்லும் பொறுப்பு நம் தலைமேல் விழுந்தது. அதற்காகப் படித்ததும், போய்ப் பார்த்ததும், குருமடத்தில் கற்று மறந்திருந்த இலத்தீனைத் தூசி தட்டி எடுத்ததும் சேர்ந்து இக்கட்டுரை ஆயிற்று. சுற்றுலாக் கணக்காகத் தொடங்கி வரலாறாகப் போய்விட்டமைக்கு வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலில் உரோமை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு திருயாத்திரைக் குழுவோடு நாமும் அந்நகருக்குச் சென்றிருந்தோம். பயண ஏற்பாட்டாளர் கொடுத்த அச்சுத்தாளில் "கொலோசியம், ஃபோரும், பாலத்தீன் குன்று" என்று கொட்டை எழுத்தில் கண்டிருந்தது. நடந்தது என்னவெனில், பேருந்து கொலோசியத்தின் அருகே நின்றது. பதினைந்து நிமிடத்தில் படம் எடுத்துக்கொண்டு ஏறச் சொன்னார்கள். உள்ளே போவதற்கான சீட்டு அந்தக் கட்டணத்தில் அடங்கவில்லையாம். அதைக் கேட்டபோது எம்மோடு வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கண்கலங்கி நின்றது இன்னும் மறக்கவில்லை. அவர் அந்தப் பயணத்துக்காகத் தம் சேமிப்பில் பெரும் பகுதியைக் கொடுத்திருந்தார்.

ஆகவே, உரோமைக்குப் போக வசதியுள்ளவர்களுக்கு ஒன்று சொல்வோம். பயணத்தாளில் ஓர் இடத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. உள்ளே அழைத்துச் செல்கிறார்களா, வெளியே நின்று காட்டுகிறார்களா, எத்தனை மணி நேரம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கொலோசியத்தையும் ஃபோரும் என்ற பழைய நகரவையையும் பாலத்தீன் குன்றையும் ஒரே சீட்டில் பார்க்கலாம். ஆனால் கொலோசியத்தின் அரங்கத் தரைக்கும் அதன் அடியிலுள்ள நிலவறைகளுக்கும் போக வேறுவகைச் சீட்டு வேண்டும். புனித பேதுரு பேராலயத்தின் அடியில், 1940 முதல் அகழ்ந்து கண்ட பழைய கல்லறைத் தெருவையும் அப்போஸ்தலரின் கல்லறை இருந்த இடத்தையும் பார்க்க, பேராலயத்தின் அகழ்விட அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதி இசைவு பெறவேண்டும். சிறு சிறு குழுக்களாகத்தான் விடுவார்கள். எங்கள் குழுவில் ஒருவருக்கும் அது தெரியாது. தெரிந்திருந்தால் கடைவீதியில் கழித்த அரைநாளை அங்கே கழித்திருப்போம்.

அடுத்து அரிக்கமேடு. இளைஞர்களின் யோசனை என்பதால் அதனைத் தள்ளிவிடலாகாது என்று, பேரவையின் இரண்டு உறுப்பினர்களோடு நேரில் போய்ப் பார்த்து வந்தோம். புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு வளைந்து கடலுக்குப் போகும் இடத்தில், மாமரமும் தென்னையுமாக ஒரு மேடு. உள்ளே நடந்தால் காரை பெயர்ந்த இரண்டு உயர்ந்த செங்கற்சுவர்கள் நிற்கின்றன. உடன்வந்த பேரவை உறுப்பினர் மிகுந்த மரியாதையோடு தலைப்பாகையை அவிழ்த்துவிட்டு, "இதுதானா சாமி உரோமர் கட்டினது?" என்று கேட்டார். நாமும் ஒரு கணம் அவ்வாறே எண்ணினோம் என்பதை மறைப்பதற்கில்லை.

அது உரோமர் கட்டியதன்று. நம்மவர் கட்டியது! சியாம் நாட்டு அயோத்தியாவில் 1665இல் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்பு சபையார் தொடங்கிய கீழைநாட்டுக் குருமடம், பர்மியரின் படையெடுப்பின்போது இன்றைய வியட்நாமின் தென்கோடிக்கு ஓடிற்று. அங்கும் 1769இல் தாக்கப்பட்டது. அதன் தலைவராயிருந்த பிஞோ தெ பெஹேன் என்ற இளங்குரு, உயிர் தப்பிய மாணவரோடு கடல் கடந்து புதுச்சேரிக்கு வந்து, வீராம்பட்டினத்தை அடுத்த இந்த மேட்டில் மீண்டும் குருமடத்தை நிறுவினார். அன்னம் மொழிக்கும் இலத்தீனுக்குமான அகராதியை அவர் ஆக்கி முடித்தது இந்தப் புதுச்சேரிக் காலத்தில்தான். 1774இல் மயிலாப்பூர் சாந்தோமில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டதும் அவரே. பத்தாண்டு சொச்சம் நடந்து, இக்குருமடமும் மூடப்பட்டது. பின்னர் 1808இல் பினாங்கில் மறுபடி உயிர்பெற்றது. இன்று அரிக்கமேட்டில் நிற்கும் சுவர்கள் அந்த 1770களின் மிச்சம். அதற்கும் அடியில் கிடந்த பழங்காலச் செங்கற்களைத் தோண்டியெடுத்தே அதனைக் கட்டினர் என்று அகழ்வாய்வாளர் கூறுவர். குருமாணவர்கள் மாலையில் செபமாலை சொல்லி நடந்த தரைக்கு அடியில், ஆயிரத்தெழுநூறு ஆண்டுக்கு முந்திய வணிகப்பட்டினம் உறங்கிக்கொண்டிருந்தது. அவர்களில் எவரேனும் அதனை அறிந்திருப்பரோ?

அந்தப் பட்டினத்தின் கதை பலருக்குத் தெரிந்ததே, சுருக்கமாகச் சொல்வோம். 1930களில் புதுச்சேரிக் கல்லூரிப் பேராசிரியர் ழுவோ துப்ரேய், ஊர்ப்பிள்ளைகள் பொறுக்கிவந்த மணிகளையும் முத்திரைக் கற்களையும் பார்த்து இது சாதாரண மேடல்ல என்று கண்டார். நாற்பதுகளின் தொடக்கத்தில் மறைபரப்பு சபைத் துறவி ஃபோஷே என்பவரும் வேறொருவருமாகச் சேர்ந்து தோண்டினர். பின்னர் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றில் ஒரு மதுச்சாடியின் உடைந்த கழுத்தைக் கண்டு திடுக்கிட்டார். அது மத்தியதரைக் கடல்நாட்டுச் சாடி. எங்கிருந்து வந்தது என்று தேடிப்போய், 1945இல் அரிக்கமேட்டில் முறையாக அகழ்ந்தார். இத்தாலி நாட்டு அரெஸ்ஸோ வகைச் சிவப்புத் தட்டுகளும், மது வந்த சாடிகளும், மணி செய்யும் தொழிற்கூடத்தின் மிச்சங்களும் கிடைத்தன. கிரேக்கக் கடலோடியின் பெரிப்ளுஸ் நூலில் வரும் பொதுக்கே என்ற துறை இதுவே என்று அறிஞர் பலர் ஒப்புகின்றனர். அகழ்ந்த குழிகளோ மூடப்பட்டுவிட்டன. ஆகவே இன்று போகிறவர் கண்ணுக்குக் கிடைப்பது, மேற்சொன்ன குருமடச் சுவரும் மாமர நிழலுமே. எம் இளைஞர்களிடம் இதைச் சொன்னபோது, "பரவாயில்லை ஃபாதர், கடல் இருக்கிறதே" என்று உண்மையைக் கக்கிவிட்டனர்.

கொடுங்கல்லூரைப் பற்றிப் பெரியவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. பழைய முசிறித் துறைமுகம் அவ்வட்டாரமே. யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது. அருகிலுள்ள பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் நடந்த அகழ்வுகளில் மத்தியதரைக் கடல்நாட்டுச் சாடித் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அழிக்கோட்டில் தோமையார் திருத்தலமும் இருக்கிறது. இத்தாலியின் ஒர்த்தோனா நகரிலிருந்து 1953இல் கொண்டுவந்த அப்போஸ்தலரின் கை எலும்பு அங்கே வணக்கத்துக்கு வைக்கப்பட்டுள்ளது. ஆனால் ஓர் இரவு முழுதும் பேருந்தில் உட்கார்ந்து போக முதியோரால் இயலாது. இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு வர நம் பங்கில் பாதிப்பேரால் இயலாது.

இவ்வாறு மூன்றையும் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்த போதுதான், நான்காவதாக ஒன்று நம் மடியிலேயே இருப்பது நினைவுக்கு வந்தது.

நம் மாவட்டத்தில், ஆலங்குடிப் பக்கம் கருக்காக்குறிச்சி என்ற ஊர் உண்டு. சந்தைக்கும் கல்யாணத்துக்கும் அவ்வழியே எத்தனையோ முறை போயிருப்பீர்கள். 1898ஆம் ஆண்டு, மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தை ஆண்டுகொண்டிருந்தபோது, அந்த ஊர் மண்ணிலிருந்து 501 உரோமானியப் பொற்காசுகள் வெளிப்பட்டன. ஐந்தல்ல, ஐம்பதல்ல, ஐந்நூற்றொன்று. ஒவ்வொன்றும் நம் பெண்கள் சொல்லும் ஒரு பவுனுக்குச் சற்றுக் குறைந்த எடை. மொத்தம் மூன்றரைக் கிலோவுக்குக் குறையாத பொன். தென்னிந்தியாவில் கிடைத்த உரோமைப் பொற்குவியல்களுள் இது பெயர்பெற்ற ஒன்று. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்து நாணய அறிஞர் ஜி. எஃப். ஹில் அக்காசுகளை ஆராய்ந்து, அந்த ஆண்டிலேயே நாணயவியல் ஏடு ஒன்றில் பட்டியலிட்டு எழுதினார். அவற்றில் ஒரு பகுதி அந்த அருங்காட்சியகத்திலேயே தங்கிவிட்டது. உரோமைப் பொருளைப் பார்க்க நாம் ஐரோப்பாவுக்குப் போக ஆசைப்படுகிறோம். நம் ஊர் மண்ணிலிருந்து போன உரோமைப் பொருளோ அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. இதை எண்ணிச் சிரிப்பதா, வருந்துவதா?

இனி, அக்காசுகளில் இருந்த முகங்களைக் கேளுங்கள். மிகப் பழையவை அகுஸ்து சீசருடையவை. ஆண்டவர் பிறந்தபோது மக்கள்தொகைக் கணக்கு எடுக்கக் கட்டளையிட்டதாக லூக்கா குறிப்பிடும் அதே அகுஸ்து. பிறகு திபேரியு, ஸ்நாபக அருளப்பர் போதிக்கத் தொடங்கியதும், ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்டதும் இவன் ஆட்சியில். பிறகு கிளவுதியு, யூதர்களை உரோமையைவிட்டு வெளியேற்றியதாக அப்போஸ்தலர் பணி நூலில் வருபவன். பிறகு நீரோ, இராயப்பரும் சின்னப்பரும் இவன் காலத்தில் வேதசாட்சிகளானார்கள் என்பது திருச்சபையின் மரபு. கடைசியாக வெஸ்பாசியன், இவன் மகன் தீத்து கி.பி. 70இல் எருசலேம் ஆலயத்தை அழித்தான், அந்தக் கொள்ளைப் பொருளைக்கொண்டே கொலோசியம் எழும்பிற்று. புதிய ஏற்பாட்டில் பெயர் சொல்லப்படும் சீசர்களும், பெயரின்றிக் குறிக்கப்படுபவர்களுமாக, ஒரு வரிசையே ஆலங்குடிச் செம்மண்ணில் பதினெட்டு நூற்றாண்டு புதைந்து கிடந்திருக்கிறது! ஞாயிறுதோறும் நற்செய்தியில் கேட்கும் பெயர்கள் இவை. வேதாகமத்துக்கு விரிவுரை எழுதுகிறவர்கள் பலஸ்தீன நாட்டு மண்ணைத் தோண்டுகிறார்கள். நமக்கோ நம் கொல்லையே விரிவுரை.

திபேரியுவின் காசைப் பற்றி இன்னும் சற்று நிற்கவேண்டும், ஏனெனில் இக்குவியலில் அவன் காசுகள் மிகுதி. வரி கொடுப்பது முறையா என்று கேட்டு ஆண்டவரைச் சிக்கவைக்கப் பார்த்தார்களே, அப்போது அவர் கையில் கொடுத்தது தெனாரியம் என்ற வெள்ளிக்காசு. அது திபேரியுவினுடையது என்பது பெரும்பாலோர் கருத்து. அதே அச்சமைப்பில் பொன்னிலும் காசு அடித்தான். ஒரு பக்கம் அவன் தலை. சுற்றிலும் இலத்தீனில், அவன் தெய்வீக அகுஸ்துவின் மகன் என்ற பட்டம். மறுபக்கம் ஆசனத்தில் அமர்ந்த ஒரு பெண். அங்கே 'போன்திஃபெக்ஸ் மாக்சிமுஸ்', அதாவது தலைமைக் குரு என்ற பட்டம். கடவுளின் மகன் என்று ஒரு காசு சொல்லிக்கொள்கிறது. அந்தக் காசைக் கையில் வாங்கிப் பார்த்தவரோ உண்மையிலேயே கடவுளின் மகன். மறைக்கல்வி வகுப்பில் இதைச் சொன்னபோது, எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "அப்போ அது கள்ளக்காசா ஃபாதர்?" என்று கேட்டான். பொன் நல்ல பொன்தான், எழுத்துத்தான் பொய் என்றோம்.

இன்னொரு செய்தி நம்மைப் பல நாள் யோசிக்க வைத்தது. கருக்காக்குறிச்சிக் காசுகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில், சீசரின் தலைமேல் உளியால் ஓங்கி ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. தற்செயலாக அல்ல, வேண்டுமென்றே போட்ட வெட்டு. ஏன்? உள்ளே செம்பு இருக்கிறதா என்று சோதிக்க வெட்டினார்கள் என்பர் சிலர். மீண்டும் காசாக வழங்காமல் பொன்னாக மட்டும் எடுத்துக்கொள்ளவே வெட்டினார்கள் என்பர் வேறு சிலர். நமக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. சோதிக்க மட்டுமெனில் ஓரத்தில் ஒரு கீறல் போதும், தலையையே பிளக்க வேண்டியதில்லை. 64ஆம் ஆண்டு வாக்கில் நீரோ காசின் எடையைக் குறைத்தான். அதன்பின் நம் பக்கத்து வணிகர் எடை குறையாத பழைய காசுகளையே நாடினர் என்று கருதுவாரும் உண்டு. எப்படியாயினும், உலகமெல்லாம் அஞ்சிய ஒரு முகம் இங்கே வந்ததும் நிறுத்துப் பார்க்கும் வெறும் உலோகம் ஆகிவிட்டது. தன் தம்பிடி அளவுச் சிறுகாசான அம்மன் காசைத் தானே அடித்துப் புழங்கிய சமஸ்தானம் நம்முடையது. பிறர் அடித்த முகத்துக்குத் தலைவணங்கும் வழக்கம் இம்மண்ணுக்கு அன்றும் இருந்ததில்லை போலும்.

இவ்வளவு பொன் எதற்கு விலையாக வந்தது? மிளகு, முத்து, கொங்கு நாட்டுப் பச்சைக்கல், மெல்லிய துகில். ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டெர்ஷியஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்று பிளினி என்ற உரோமை அறிஞர் குறைப்பட்டுக்கொண்டார். அவர் குறை அவருக்கு. நம் குறை வேறு. கொற்கை முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகளை இறக்கினார்கள் என்று பெரிப்ளுஸ் எழுதிவைத்திருக்கிறது. மூச்சடக்கி மூழ்கியவன் கைக்கு இந்தத் திபேரியு ஒன்றாவது வந்திருக்குமா? கருக்காக்குறிச்சியில் புதைத்து வைத்தவன் யாரோ ஒரு பெருவணிகனாக இருக்கலாம். கீழைக் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குப் போகும் வழியில் புதைத்தானென்று கருத இடமுண்டு. அவன் திரும்ப வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்ல ஆளில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. இச்செய்தியை ஒரு மாலை செபத்துக்குப்பின் சொல்லிக்கொண்டிருந்தபோது, மரியாயின் சேனைத் தலைவி மகிழ்ச்சி தாங்காமல், "அப்படியானா தோமையார் நம்ம ஆலங்குடிக்கும் வந்திருக்காரு சாமி!" என்றார். அவர் மகிழ்ச்சியைக் கெடுக்க மனமில்லைதான். ஆயினும் உண்மையைச் சொல்லியாக வேண்டும். தோமையார் கி.பி. 52இல் சேரக் கரையில் இறங்கினார் என்பது மரபு. அது கிளவுதியு ஆண்ட காலம். அப்போது செங்கடலிலிருந்து பருவக்காற்றைப் பிடித்து ஆண்டுதோறும் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. எகிப்தின் செங்கடல் துறையில் கண்ணன், சாத்தன் என்ற பெயர்கள் தமிழ் எழுத்தில் பொறித்த பானைத்துண்டுகள் கிடைத்திருக்கின்றன. ஆகவே நம்மவரும் அங்கே போனார்கள். அப்போஸ்தலர் ஒருவர் இங்கு வர வழி திறந்திருந்தது என்று இக்காசுகள் சாட்சி சொல்லும். அவர் வந்தார் என்று இவை சாட்சி சொல்லா. காசு சொல்லாததைக் காசின் வாயில் நாம் போடலாகாது. விசுவாசத்துக்கு அந்த உதவி தேவையுமில்லை. தலைவி சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "வழி இருந்துச்சுன்னு சொல்லலாமா?" என்று கேட்டார். தாராளமாகச் சொல்லலாம் என்றோம்.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் இவையெல்லாவற்றையும் எடுத்துரைத்தோம். உரோமைக்குப் போக விரும்பும் குடும்பங்கள் தம் செலவில் நலமாகப் போய்வரட்டும்; மேலே சொன்னபடி எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். அரிக்கமேட்டுக்கு இளைஞர் இயக்கம் கோடை விடுமுறையில் போகலாம்; குருமடச் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் கடலுக்கு இறங்கவேண்டும் என்பது எம் நிபந்தனை. பங்கின் பொதுப் பணத்திலிருந்து எடுப்பதானால், அதில் கூலிக்காரரின் காணிக்கையும் இருக்கிறதாதலால், அவரும் வரக்கூடிய இடத்துக்கே போகவேண்டும் என்றோம். சிறிது சலசலப்பு எழுந்தது. "உள்ளூருக்கா சுற்றுலா?" என்று ஒருவர் கேட்டார். கருக்காக்குறிச்சியில் பார்க்க என்ன இருக்கிறது என்றார் இன்னொருவர். உண்மை, வயலும் வரப்பும் தவிர ஒன்றும் இல்லை. அரிக்கமேட்டிலும் ஏறத்தாழ அவ்வளவே. உரோமையில் நாம் பேருந்துச் சன்னல் வழியே கண்டதும் அதைவிட அதிகமன்று. கடைசியில் கோவில் பிள்ளையின் தாயார் எழுந்து, "யேசு சாமி காலத்துக் காசு நம்ம மண்ணுல கெடந்த எடத்தை ஒருதரம் மிதிச்சிட்டு வந்துருவோமே" என்றபின் எவரும் மறுத்துப் பேசவில்லை.

ஆகவே முடிவு செய்தபடி: காலை ஐந்தரை மணிக்குக் கோவில் வாசலிலிருந்து பேருந்துகள் புறப்படும். முதலில் ஆவூர் பெரியநாயகி மாதா கோவிலில் திருப்பலி. 1747இல் எழுந்த அக்கோவிலைப் பற்றியும், அங்கே பணியாற்றிய வீரமாமுனிவரைப் பற்றியும் உபதேசியார் சொல்வார். அங்கிருந்து திருக்கோகர்ணம் அரசு அருங்காட்சியகம். 1910இல் தொடங்கிய அந்நிலையத்தில் நம் மாவட்டத்து முதுமக்கள் தாழிகளையும் பழங்காசுகளையும் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை என்பதால் சனிக்கிழமையாக நாள் குறித்துள்ளோம். அதுவும் இரண்டாம் சனியாக இல்லாதபடி பார்த்துக்கொண்டோம். பிற்பகலில் பொற்பனைக்கோட்டை, சங்ககாலத்தது எனப்படும் அக்கோட்டையில் 2021இலும் 2023இலும் அகழ்வுகள் நடந்தன. மாலை நான்கு மணியளவில் கருக்காக்குறிச்சி. அங்கே எவரும் எதையும் தோண்டிப் பார்க்கக் கூடாது. இதை இளைஞர்களுக்காகவே எழுதுகிறோம். மத்தியான உணவு அவரவர் கட்டிக்கொண்டு வரவேண்டும். தண்ணீர் பங்கின் பொறுப்பு. மாடு கன்று உள்ளவர்கள் இருட்டுமுன் வீடு சேர்ந்துவிடலாம்.